ஏழு கொல்லை, ஒரு சட்டி

பூமாலை ஒரு காலத்தில் சர்வே ஆபீசில் கம்ப்யூட்டராக இருந்தான். அப்போது கம்ப்யூட்டர் என்றால் இயந்திரம் இல்லை, ஆள். நிலத்தை அளந்து வருகிறவர்கள் கொண்டுவந்து கொட்டும் எண்களை வாங்கி, நாள் முழுக்க மேசையில் குனிந்து கூட்டிக் கழித்துப் பெருக்குகிறவனுக்கு வெள்ளைக்காரன் வைத்த உத்தியோகப் பெயர் அது. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. கம்பவுண்டர் என்றே வைத்துக்கொண்டார்கள். அவன் லீவில் வந்தால் இருமலோடும் சிரங்கோடும் நாலு பேர் வாசலில் நிற்பார்கள். மருந்து கொடுக்கிற வேலை இல்லை என்று சொன்னால், "அப்பறம் எதுக்குடா ஒனக்குச் சர்க்கார் சம்பளம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த வேலையையும் அவன் விட்டுவிட்டான். உலகச் சண்டைக் காலத்தில் ஆபீஸ் இரவு பகலாக ஓடியது. அவனை ராத்திரி முறையில் போட்டார்கள். ஒரு நாள் விடிகிற நேரத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தவன் திரும்பப் போகவில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது. அலுத்துவிட்டது. சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியும் வேறு வேலை அமையவில்லை. பெரம்பலூரில் ஒரு கடலை மண்டிக்கு இரவுக் காவல் போனான். குடியிருந்தது ஒற்றை அறை. அதில் அவன், அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். தை மாதத்திலிருந்து தங்கை சாந்தாவும் அங்கேதான் கிடந்தாள்.

சாந்தாவைக் கட்டிக் கொடுத்தது குன்னத்துக்குப் பக்கத்தில். மாமனார் குழந்தைவேலுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வைரக்கண்ணு, இளையவன் வேணுகோபால். வேணுகோபால்தான் சாந்தாவின் புருஷன். குடும்பத்துக்கு ஏழு கொல்லை, அதாவது ஏழு துண்டு புன்செய், இருந்தது. எல்லாம் ஒரே கரிசல் மண், ஒன்றுக்கொன்று பேதமில்லை. அளவுதான் வேறு வேறு. குழந்தைவேல் சாகும்போது மகன்களைக் கூப்பிட்டு, சரிபாதி பிரித்துக்கொள்ளுங்கள், கிணறு பொதுவாக இருக்கட்டும், ஆனால் எந்தக் கொல்லைக்கும் நடுவே புது வரப்பு போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். வரப்புச் சண்டையில் சொந்த அண்ணன் கையால் இரண்டு விரலை இழந்தவர் அவர். வரப்பு என்றால் அவருக்கு ஆகாது.

வரப்பு போடாமல் சரிபாதி. சொல்வது சுலபம். ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இருபது குழி நிலம் கூடியது. இன்னொரு விதமாகப் பார்த்தால் மறுபக்கம் நாற்பது குழி கூடியது. "ஏறக்குறைய சரிதானப்பா" என்று அவர்கள் சொன்னபோது, அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். ஒரு குழிகூட விட்டுக்கொடுக்க முடியாது. பிறகு பேச்சு தடித்தது. உலை இரண்டாகியது. பொங்கலுக்கு மறுநாள் வேணுகோபால் பெண்டாட்டியைக் கொண்டுவந்து மச்சான் வீட்டில் விட்டான்.

"பங்கு பிரிஞ்ச அன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன் மச்சான். அதுவரைக்கும் அந்த வூட்டுல இவ ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாது."

அவன் ஊருக்குத் திரும்பி மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். வைரக்கண்ணு அரியலூரில் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். வைகாசி பிறந்ததும் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடுவதாக ஏற்பாடு. அந்தக் கோர்ட்டில் தாத்தா போட்ட வழக்குக்குப் பேரன் வாய்தா வாங்கிக்கொண்டிருந்ததைப் பூமாலை பார்த்திருக்கிறான். வழக்கு ஏறினால் சாந்தா தலை நரைத்துத்தான் தன் வீட்டு வாசலை மிதிப்பாள். அவள் எதுவும் சொல்வதில்லை. அண்ணி கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிப் பெருக்குவாள், கேட்காமலே பாத்திரம் துலக்குவாள், ஒரு கை சோறு குறைத்துத் தின்பாள். ஒண்டிக் கிடக்கிறவளின் ஒழுங்கு அது. அதைப் பார்ப்பதுதான் அவனுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

மண்டிக் காவலில் உட்கார்ந்து அவன் அந்த ஏழு எண்களையும் போட்டுப் பார்த்தான். பழைய தொழில் கை கொடுத்தது. சரிபாதியாகப் பிரிக்க ஒரு வழி இருந்தது. ஒரே ஒரு வழி. வேறு எப்படிப் பிரித்தாலும் கூடியது, இல்லையென்றால் குறைந்தது. சந்தோஷத்தில் பீடி ஒன்றைப் பற்ற வைத்தான். அது அணைவதற்குள் சந்தோஷமும் அணைந்துவிட்டது. இதை அவன் போய்ச் சொன்னால் வைரக்கண்ணு என்ன சொல்வார்? "உன் தங்கச்சி புருஷனுக்கு நீ போட்ட கணக்கு" என்பார். அதற்குப் பிறகு அந்தப் பிரிவினையைச் சாமியே வந்து சொன்னாலும் எடுபடாது. இருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போகும்.

அப்போதுதான் ஆபீஸ் ஞாபகம் வந்தது. அங்கே பெரிய கணக்கை ஒரே ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சின்ன வேலை கொடுப்பார்கள். ஒருவன் கூட்டுவான், தாளைத் தள்ளுவான். அடுத்தவன் கழிப்பான், தள்ளுவான். முழுக் கணக்கும் எவனுக்கும் தெரியாது. விடை மட்டும் கடைசியில் வந்து நிற்கும். எல்லோர் கையும் பட்டதால் அதை இன்னார் போட்டது என்று சொல்ல முடியாது.

சித்திரையில் ஒரு நாள் காலை பஸ்ஸில் சாந்தாவைக் கூட்டிக்கொண்டு போனான். களத்துமேட்டில் வைரக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா கம்பவுண்டரு, யாருக்கு மேலுக்கு முடியல?"

"கொல்லைக் கணக்கைப் போட்டுப் பாக்கலாம்னு வந்தேன் மாமா."

"நீ போடற கணக்கு எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரியாதா? போ, போயி மோரு குடிச்சுட்டுக் கெளம்பு."

"நான் போடலை மாமா. நீங்கதான் போடப் போறீங்க."

"எனக்கு வெரலு விட்டு எண்ணத்தான் தெரியும்."

"அது போதும்."

வைரக்கண்ணுவின் மனைவி கிருஷ்ணம்மாள் வாசல் தெளித்த கையோடு வந்து நின்றாள். சாந்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். "எளைச்சுப் போயிட்டியேடி" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "வக்கீலுக்குக் காட்டற பொறுமைய ஒரு வேளை இவங்களுக்கும் காட்டுனா என்ன கொறைஞ்சுடும்?" என்றாள். வைரக்கண்ணு வாளியைக் கீழே வைத்தார்.

பூமாலை கொண்டுவந்த பையிலிருந்து புளியங்கொட்டையைக் கொட்டினான். ஒரு கொட்டைக்குப் பத்துக் குழி. ஏழு கொல்லைக்கும் ஏழு பேர் வேண்டும். கிணத்துக்கொல்லைக்கு வைரக்கண்ணு, இருபத்தேழு கொட்டை. பெயரில் மட்டும் பெரியதான பெரிய கொல்லைக்கு வேணுகோபால், இருபத்து மூன்று. புளியமரத்துக் கொல்லைக்குச் சாந்தா, பத்தொன்பது. ஓடைக்கொல்லைக்குப் பதினாலு, அதற்கு இரண்டு பக்கத்துக்கும் பரிந்து பேசாத பங்காளி கொளஞ்சி. கோயில் கொல்லைக்குப் பன்னிரண்டு, அதற்கு வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். பள்ளக்கொல்லைக்கு ஒன்பது, மேட்டுக்கொல்லைக்கு ஆறு. இந்த இரண்டுக்கும் அங்கே பாடுபடுகிற பண்ணையாட்கள் காத்தாயியும் அவள் புருஷன் செல்லக்கண்ணுவும்.

"யாரு எங்க உக்கார்றது?" என்றார் வைரக்கண்ணு.

"எப்படி வேணும்னாலும் உக்காரலாம் மாமா. கணக்குக்கு அது ஒண்ணும் இல்ல."

"எங்களுக்கு இருக்கு. ஆளுங்க ரெண்டு பேரும் கடைசில தள்ளி உக்காரட்டும். சட்டியக் கையில குடுக்க வேணாம், தரையில வெச்சு எடுக்கட்டும். மண்சட்டிதானே, அப்பறம் ஒடச்சுடலாம்."

செல்லக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தார். காத்தாயி அவருக்கு அடுத்து, எல்லோருக்கும் கடைசியாக. அவளுக்குப் பின்னால், கொல்லை எதுவும் இல்லாமல், சட்டியைப் பார்த்து முடிவு சொல்ல கிருஷ்ணம்மாள். அவள் மட்டும் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்தாள்.

மொத்தம் நூற்றுப்பத்துக் கொட்டை. பாதி ஐம்பத்தைந்து. அந்த ஐம்பத்தைந்தை வைரக்கண்ணுவே எண்ணிச் சட்டியில் போட்டார். வேணுகோபால் மறுபடியும் எண்ணினான். அண்ணன் எண்ணியதைத் தம்பி நம்பவில்லை.

"இப்பச் சொல்றேன், எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்றான் பூமாலை. "மேல இருந்து சட்டி வந்தா, உங்க கொல்லைக்கு எத்தனை கொட்டையோ அத்தனைய எடுத்து மடியில கட்டிக்கிட்டுக் கீழ தள்ளுங்க. அத்தனை கொட்டை சட்டியில இல்லைன்னா தொடாம அப்படியே தள்ளுங்க. கடைசில அக்காகிட்ட சட்டி காலியாப் போச்சுன்னா கணக்கு முடிஞ்சுது. ஒரு கொட்டை மிச்சம் இருந்தாலும் அக்கா திருப்பித் தள்ளிடுவாங்க. கீழ இருந்து சட்டி திரும்பி வந்தா மடியத் தொட்டுப் பாருங்க. கொட்டை இருந்தா சட்டியில போட்டு மறுபடியும் கீழ தள்ளுங்க. மடி காலியா இருந்தா மேல தள்ளுங்க. மாமா மட்டும் மடிய அவுக்க வேணாம். கிணத்துக்கொல்லை ஏதோ ஒரு பங்குல இருந்துதானே ஆகணும்? அது இருக்கற பங்கைத்தான் தேடறோம். எது யாருக்குங்கறது அப்பறம்."

"பல்லாங்குழி ஆடறதுக்கு இத்தனை மீசை வெச்ச ஆளுங்களா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"சட்டி திரும்பி எங்கிட்டயே வந்துடுச்சுன்னா?" என்று வைரக்கண்ணு கேட்டார்.

"அப்ப வழியே இல்லைன்னு அர்த்தம்."

"அரியலூருக்கு வண்டி பூட்டிடலாம்."

"பூட்டிடலாம் மாமா."

வேணுகோபாலுக்கு இது பிடிபடவில்லை. "இதுல எங்க மச்சான் கணக்கு இருக்கு?"

"உங்கிட்ட வர்றதும் அண்ணன்கிட்ட இருந்த அதே புதிருதான் மாப்ள. ஒரு கொல்லை கொறைஞ்சிருக்கும், அவ்ளோதான். உங்கிட்ட இருந்து சாந்தாவுக்குப் போறப்ப இன்னும் ஒண்ணு கொறைஞ்சிருக்கும். கடைசில காத்தாயிகிட்டப் போறப்ப ஒத்தக் கொல்லைப் புதிரு. அத யாரு வேணா போட்டுடலாம்."

"நீ வேப்பமரத்துக்கிட்டப் போயி உக்காரு. கிட்ட வரக் கூடாது" என்றார் வைரக்கண்ணு. பூமாலை போய் உட்கார்ந்தான். அங்கிருந்து வரிசையின் முதுகுதான் தெரிந்தது.

சட்டி நகர்ந்தது. வைரக்கண்ணு இருபத்தேழை எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டார். வேணுகோபால் இருபத்து மூன்றை எடுத்தான். சட்டியில் ஐந்து கொட்டைதான் மிச்சம். கீழே யாராலும் எடுக்க முடியவில்லை. "தொடக்கூடாதாமே, தள்ளு தள்ளு" என்று பஞ்சவர்ணம் கத்தினாள். ஐந்து கொட்டையோடு சட்டி கிருஷ்ணம்மாளிடம் போய், வந்த வழியே திரும்பியது. வேணுகோபால் தன் இருபத்து மூன்றையும் மனமில்லாமல் சட்டியில் போட்டான்.

வேப்பமரத்தடியில் பூமாலை நிமிர்ந்து உட்கார்ந்தான். வரிசை எப்படி அமையும் என்பது அவனுக்கு முன்கூட்டித் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. இந்த வரிசைக்கு விடை தொட்டுவிடும் தூரத்தில்தான் இருந்தது. அடுத்தது சாந்தா எடுப்பாள், ஒன்பது மிஞ்சும். கொளஞ்சியும் பஞ்சவர்ணமும் எடுக்க முடியாது. செல்லக்கண்ணு ஆறை எடுத்தால் மூன்று மிஞ்சும், சட்டி திரும்பும். அவர் ஆறையும் போட்டுவிட்டுத் தள்ளினால் காத்தாயி ஒன்பதையும் எடுப்பாள். சட்டி காலி. இருபத்தேழு, பத்தொன்பது, ஒன்பது. ஐம்பத்தைந்து.

சட்டி காத்தாயியிடம் போனது. அவள் குனிந்து எண்ணினாள். தரையில் வைத்துக் கிருஷ்ணம்மாள் பக்கம் நகர்த்தினாள். கிருஷ்ணம்மாள் எட்டிப் பார்த்தாள்.

கிருஷ்ணம்மாள் சட்டியைத் திருப்பித் தள்ளினாள்.

பூமாலை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தான். மண்ணில் குச்சியால் எழுதிப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வரிசையில் யாரோ தவறு செய்திருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. எழுந்து போய், நிறுத்துங்கள், இப்போது காலியாகியிருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரிந்து வைத்துக்கொண்டுதான் எங்களை உட்கார வைத்தாயா என்பார்கள். வேப்பம்பூ தலையில் உதிர, அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சட்டி போய் வந்து, போய் வந்து, வெயில் ஏறியது. சாந்தா தன் கொட்டையைப் போட்டாள். கொளஞ்சி எடுத்தான், போட்டான். பஞ்சவர்ணம் எடுத்தாள், போட்டாள். ஒவ்வொரு வழியாக அடைபட்டுக்கொண்டே வந்தது. கேலிப் பேச்சும் நின்றுபோனது. எல்லோரும் தங்கள் மடியையும் சட்டியையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. உச்சி வேளைக்குச் சட்டி ஒவ்வொரு கையாக மேலே ஏறி, வைரக்கண்ணுவின் முன்னால் வந்து உட்கார்ந்தது.

வைரக்கண்ணு வேப்பமரத்துப் பக்கம் திரும்பினார். முகத்தில் ஜெயித்த களை இல்லை. அவரும் ஏதோ எதிர்பார்த்திருந்தார் என்பது அப்போதுதான் பூமாலைக்குத் தெரிந்தது.

"அவ்ளோதான். வழி இல்ல" என்று எழுந்தார். "கொளஞ்சி, மாட்டை அவுத்து வண்டியில பூட்டு. வக்கீலு சாயங்காலம் வரைக்கும் வூட்டுலதான் இருப்பாரு."

சாந்தா எழுந்திருக்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி இருந்தாள். வேணுகோபால் அவள் பக்கம் திரும்பவில்லை.

எல்லோரும் கலைந்தார்கள். காத்தாயி போய்த் தன் கூடையிலிருந்து ஒரு மரப்படியை எடுத்துவந்து, கிருஷ்ணம்மாளுக்கு முன்னால் வைத்தாள். கூலி அளக்க முந்தாநாள் வாங்கிப்போனது.

"படி ரெண்டு நாளா எங்க வூட்டுலயே கெடந்துடுச்சுங்கம்மா."

கிருஷ்ணம்மாள் உள்ளே பார்த்தாள். "ஏண்டி, இதுல ஏது சோளம்?"

"ஒரு புடி போட்டேங்க. வெறும் படிய எப்படிங்க திருப்பறது?"

கிருஷ்ணம்மாளுக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை. அவளும் அதைத்தான் செய்வாள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாக யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு துளி உப்பாவது, இரண்டு மிளகாயாவது உள்ளே கிடக்கும். ஆனால் நாலு அடி தள்ளி நின்ற பூமாலைக்குக் காலையில் சுற்றிய சட்டி ஞாபகம் வந்தது. அவன் கிட்டே வந்தான்.

"காத்தாயி, காலைல நம்ம சட்டி எப்பவாச்சும் ஒங்கிட்ட காலியாச்சா?"

அவள் விழித்தாள். அவன் குரல் வந்த விதத்திலேயே, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வைரக்கண்ணுவும் திரும்பிப் பார்த்தார். இல்லீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. அவள் தலையில் எதுவும் விழாது.

"ஆச்சுங்க" என்றாள் காத்தாயி. "ஒரு தடவ. மொதல்லியே ஆச்சு. ஒம்போதும் எடுத்தா ஒண்ணுமே இல்லாமப் போவுது. வெறுஞ்சட்டியத் தூக்கிப் பெரியம்மா முன்னால எப்படிங்க வெக்கிறது? நல்ல காரியத்துக்கு உக்காந்திருக்காங்க. அதான் எட்டு எடுத்துக்கிட்டு ஒண்ண உட்டுட்டேன்."

கொளஞ்சி மாட்டுக் கயிற்றைக் கீழே விட்டான். மாடு கழுத்து மணியை ஆட்டியது.

"அட பாவி மவளே!" வைரக்கண்ணு கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "சொன்னதச் செய்யத் துப்பு இல்ல? ஒரு பகலு முழுக்க எங்களக் கோமாளியாட்டம் உக்கார வெச்சியே!"

செல்லக்கண்ணு குறுக்கே வந்து கும்பிட்டார். "சாமி, தெரியாமப் பண்ணிடுச்சு சாமி."

"தெரிஞ்சுதான் பண்ணியிருக்கா" என்றாள் கிருஷ்ணம்மாள். அவள் மணைப்பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. "எனக்கு முன்னால வெறுமை வரக் கூடாதுன்னு பண்ணியிருக்கா. அதுக்கா கைய ஓங்கறீங்க? அவள எனக்குப் பக்கத்துல கொண்டாந்து உக்கார வெச்சது யாரு? கொளஞ்சிய உக்கார வெச்சிருந்தா வெறுஞ்சட்டியத் தள்ளிட்டுப் பல்லைக் காட்டியிருப்பான்."

"என்னை ஏன் அண்ணி இழுக்கறீங்க" என்றான் கொளஞ்சி.

கிருஷ்ணம்மாள் சட்டியைக் காத்தாயி பக்கம் நீட்டினாள். தரையில் வைக்கவில்லை. கையிலேயே நீட்டினாள். "இன்னிக்கு ஒரு நாளைக்கு எனக்கு வெறுஞ்சட்டி வேணும்டி. அதுதான் இந்த வூட்டுக்கு நல்லது. குடுப்பியா?"

காத்தாயி வாங்கிக்கொண்டாள். "குடுக்கறேங்கம்மா."

யாரும் சொல்லாமலே எல்லோரும் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். வைரக்கண்ணு கடைசியாக, முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். பூமாலை வேப்பமரத்துக்குப் போகத் திரும்பினான். "எங்க போற? இங்கயே நில்லு" என்றார் அவர். மறுபடியும் ஐம்பத்தைந்து எண்ணப்பட்டது. இந்தத் தடவை வேணுகோபால் சரிபார்க்கவில்லை.

இருபத்தேழு. இருபத்து மூன்று. ஐந்தோடு கீழே போய் மேலே வந்தது. வேணுகோபால் போட்டுவிட்டுத் தள்ளினான். சாந்தா எடுத்தாள். அவள் விரலிலிருந்து ஒரு கொட்டை நழுவி உருண்டது, பஞ்சவர்ணம் பொறுக்கிக் கொடுத்தாள். ஒன்பது மிச்சத்தோடு சட்டி கொளஞ்சியையும் பஞ்சவர்ணத்தையும் தாண்டியது. செல்லக்கண்ணு ஆறை எடுத்தார். மூன்று கொட்டை போய்த் திரும்பி வந்தது. அவர் ஆறையும் போட்டார். காத்தாயி ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசிக் கொட்டையில் அவள் கை நின்றது. கிருஷ்ணம்மாளைப் பார்த்தாள். கிருஷ்ணம்மாள் தலையை ஆட்டினாள். காத்தாயி அதையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, சட்டியை நீட்டினாள்.

கிருஷ்ணம்மாள் அதைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"ஆச்சு" என்றாள்.

மடியில் கொட்டை இருந்தவர்கள் மூன்று பேர். வைரக்கண்ணு, சாந்தா, காத்தாயி. அது ஒரு பங்கு. மடி காலியாக இருந்தவர்கள் நாலு பேர். அது மறு பங்கு. வைரக்கண்ணு மூன்று மடிக் கொட்டையையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினார். ஐம்பத்தைந்து. மற்ற நாலு கொல்லைக்கும் பையில் மிச்சமிருந்த கொட்டையை எண்ணினார். ஐம்பத்தைந்து. இரண்டையும் இன்னொரு முறை எண்ணினார். யார் மேல் சந்தேகப்படுவது என்று தேடுகிறவர் மாதிரி வரிசை முழுக்கக் கண்ணை ஓட்டினார். யாரும் கிடைக்கவில்லை. அவர் கொட்டையை அவரே எடுத்திருந்தார்.

"புருஷன் ஒரு பங்கு, பொண்டாட்டி ஒரு பங்கா வந்திருக்கீங்களேடி!" என்று பஞ்சவர்ணம் சாந்தாவை இடித்தாள். மாதக்கணக்கில் சிரிக்காத சாந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சின்னவன் மொதல்ல எடுத்துக்கட்டும். அதான் மொறை" என்றார் வைரக்கண்ணு, யாரையும் பார்க்காமல்.

வேணுகோபால் பெரிய கொல்லை இருந்த பங்கை எடுத்துக்கொண்டான். சிறுவயதிலிருந்து அவன் ஏர் பிடித்த மண் அது. பிறகு எழுந்து, "பசிக்குது அண்ணி" என்றான். கிருஷ்ணம்மாளிடம் அவன் பேசி நாலு மாதம் ஆகியிருந்தது.

"ஒம் பொண்டாட்டியக் கேளு. நான் காலைல இருந்து ஒக்காந்தே கெடக்கறேன், இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள் அவள். சாந்தா மடியை உதறிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பிரிவினையில் இன்னொன்றும் பிரிந்தது. பள்ளக்கொல்லை பெரியவர் பங்கு, மேட்டுக்கொல்லை சின்னவர் பங்கு. காத்தாயி ஒரு பண்ணை, செல்லக்கண்ணு ஒரு பண்ணை. அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. பூமாலைக்குத் தோன்றியது, ஆனால் அவன் பெண் கொடுத்த வீட்டுக்காரன். அதற்கு மேல் அங்கே பேச அவனுக்கு வாய் கிடையாது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, களத்து ஓரத்தில் சாணி தட்டிக்கொண்டிருந்த காத்தாயியிடம் போய் நின்றான். ஆபீசில் அவன் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான். ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு, அது தெரியாமலிருக்க மற்ற எல்லா எண்களையும் திருத்துகிறவர்கள், தாளையே கிழித்து மென்று விழுங்கியவர்கள். அவனே ஒரு முறை அடுத்தவன் மேல் கையைக் காட்டியிருக்கிறான். ஓங்கிய கைக்கு முன்னால், ஆமாம், நான்தான் என்று சொன்ன ஒரு ஆளை அவன் அன்றுதான் பார்த்தான்.

"காத்தாயி, நீ மட்டும் இல்லைன்னு சொல்லியிருந்தா எந் தங்கச்சி இன்னும் பெரம்பலூர்லதான் கெடந்திருப்பா."

"கேட்டீங்க, சொன்னேன்" என்றாள் அவள், கையை நிறுத்தாமல்.

"பயமா இல்லியா?"

"பயந்தான். அதுக்காவ ஆனத ஆவலன்னு சொல்ல முடியுங்களா?"

"ரெண்டு பேரும் இனிமே தனித்தனிப் பண்ணையா ஆயிட்டீங்க."

"ஆனா என்னாங்க? முன்னாடி ஒரு வூட்டுக் கூழு, இப்ப ரெண்டு வூட்டுக் கூழு. ஒரு எடத்துல உப்பு இல்லைன்னா இன்னொரு எடத்துல இருக்கும்." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பொண்ணு காலைல வர்றப்ப ஒரு மாதிரியா இருந்துச்சுங்க. இப்ப நல்லா இருக்கு. போயிட்டு வாங்க."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். பண்ணையாளைப் பார்த்து ஒருவன் கும்பிட்டதைக் கொளஞ்சி பார்த்துவிட்டு, ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தானாம். சிரிக்கட்டும். பூமாலையைக் கும்பிட வைக்கிற மாதிரி உலகம் அவனுக்கு அதிகம் செய்ததில்லை. செய்தபோது கும்பிட்டுவிட வேண்டியதுதான்.

சாந்தாவிடம் சொல்லிக்கொள்ள உள்ளே எட்டிப் பார்த்தான். இரண்டு ஓரகத்திகளும் அடுப்படியில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழம்பில் புளி அதிகமா, காரம் அதிகமா என்று. அவன் அழைக்கவில்லை. சத்தம் போடாமல் திரும்பி ரோட்டுக்கு வந்தான்.

பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடுகிற கரி பஸ் இருமிக்கொண்டு வந்து நின்றது. காலையில் இறக்கிவிட்ட அதே கண்டக்டர். கரி வாடையும் புகையுமாக, சட்டை முழுக்கக் கறுத்திருந்தான்.

"ரெண்டா?" என்று சீட்டைக் கிழிக்கப் போனவன், அவன் பின்னால் எட்டிப் பார்த்தான். "காலைல ஒரு பொம்பளை வந்துச்சே?"

"தங்கச்சி."

"வரலியா?"

"வரல" என்றான் பூமாலை. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்கு அத்தனை ஆசையாக இருந்தது. மேட்டில் பஸ் திணறி நின்றபோது, கண்டக்டர் கேட்பதற்கு முன்பே இறங்கிப் போய்ப் பின்பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளினான்.